ஈழப் போரின் சிறார் படையினர்: ஒரு கேள்வியும் பல காலத்து விடைகளும்

1998 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குச் சென்று விடுதலைப் புலிகளின் தலைமையைச் சந்தித்தார். பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களை இயக்கத்தில் சேர்ப்பதில்லை, பதினெட்டு நிரம்பாதவர்களைச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்று அவரிடம் உறுதி கூறப்பட்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து, போர் முடியும் தறுவாயில், யுனிசெப் ஒரு கணக்கை வெளியிட்டது. 2003 முதல் 2008 இறுதிவரை புலிகள் சிறாரைச் சேர்த்ததாகப் பதிவானவை மட்டுமே 6,000க்கு மேல்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை போர்முனைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? விரும்பிப் போனதா, பிடித்துக்கொண்டு போனார்களா, வேறு வழி இல்லாமல் போனதா? அது செத்துப்போனால் மாவீரர் வரிசையில் வைப்பதா, பலியானவர் வரிசையில் வைப்பதா? இந்தக் கேள்விகளுக்குப் போராளிகள், மனித உரிமையாளர்கள், மனநல மருத்துவர்கள், மானிடவியலாளர்கள், சட்ட அறிஞர்கள், எழுத்தாளர்கள் என்று பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் முட்டிக்கொள்வதற்கு அரசியல் சார்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாகக் கவனிக்கப்பட்டதில்லை: ஒவ்வொருவரும் போரின் ஒவ்வொரு காலத்தை, ஒவ்வொரு மாவட்டத்தை மனத்தில் வைத்தே பேசினார்கள். 1984இன் யாழ்ப்பாணத்தில் கிடைத்த சான்றை 2004இன் மட்டக்களப்புக்கும் 2009இன் முள்ளிவாய்க்காலுக்கும் நீட்டினார்கள். மறுதரப்பு பின்னதை எடுத்து முன்னதன் மேல் ஏற்றியது.

எந்த வயதுவரை சிறார்?

சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகள் பதினைந்தை எல்லையாக வைத்தன. 1989இன் சிறார் உரிமைகள் உடன்படிக்கை பொதுவாகப் பதினெட்டுக்குக் குறைந்தவர்களையெல்லாம் சிறார் என்றது. ஆனால் போர் பற்றிய 38ஆம் பிரிவில் மட்டும் பழைய பதினைந்திலேயே நின்றுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2000ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறை. இலங்கை அதே ஆண்டில் அதை ஏற்றது.

இந்த நெறிமுறையிலும் ஒரு சாய்வு உண்டு. அரசுப் படைகள் பதினாறு வயதானவரை அவரது விருப்பத்தின்பேரில் சேர்த்துக்கொள்ளலாம், களத்துக்கு அனுப்பாமல் இருந்தால் போதும். அரசு சாராத ஆயுதக் குழுக்களோ பதினெட்டுக்குக் குறைந்த யாரையும் எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது. இந்தியா 2005இல் இதில் இணைந்தபோது, தன் படைகளில் சேரும் குறைந்தபட்ச வயது 16 என்றும், பயிற்சி முடித்து 18 நிரம்பிய பிறகே செயற்களத்துக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது. பிரிட்டனிலும் பதினாறு வயதில் சேரலாம்.

புலிகள் தரப்பு இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியது. 2006 அக்டோபரில் அவர்கள் தம் ஆட்சிப் பகுதிக்கென இயற்றிய சிறார் பாதுகாப்புச் சட்டம் சேர்வதற்குப் பதினேழு, சண்டைக்குப் பதினெட்டு என்று வரையறுத்தது. கோட்பாட்டளவில் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. டேவிட் ரோசன், மார்க் டிரம்பிள் போன்ற ஆய்வாளர்கள், ஈழத்தைத் தனியாகக் கருதாமல், பதினெட்டு என்னும் ஒரே கோட்டை எல்லாச் சமூகங்களிலும் எல்லாப் போர்களிலும் இழுப்பதை வினவியிருக்கிறார்கள். நாஜிகளுக்கு எதிரான யூத கெரில்லாக் குழுக்களில் பதின்வயதினர் இருந்ததை ரோசன் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் களத்தில் வாதம் நிற்கவில்லை. 2002இல் பதிவான பிள்ளைகளின் சராசரி வயது பதினான்கை ஒட்டியிருந்தது. ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதும் வயதுகூட ஆகாதவர்களைப் பற்றிய புகாருக்குப் பதினேழா பதினெட்டா என்ற வழக்கு பதிலாகாது.

நம் நினைவும் இந்த விஷயத்தில் நேர்மையாக இல்லை. சுபாஷ் சந்திர போஸின் ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலர் பதின்வயதிலேயே சேர்ந்தார்கள். பின்னாளில் மலேசியாவின் புகழ்பெற்ற கல்வியாளரான ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு. சிறுவர்களுக்கென்றே பாலர் சேனை இருந்தது. அதை நாம் தியாகம் என்று பாடநூலில் வைக்கிறோம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் வயதை மறைத்துச் சேர்ந்த சிறுவர்கள் இரண்டரை லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உண்டு. பெல்ஜியத்தில் ஜான் கான்டன் என்ற பெயரில் உள்ள கல்லறை பதினான்கு வயது வீரனுடையது என்று லட்சக்கணக்கானோர் பார்த்துப் போகிறார்கள். அவன் இறந்தபோது வயது பதினெட்டு என்றும், அங்கே கிடப்பதே வேறொருவர் என்றும் பின்னர் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். செத்தவனின் வயது எப்போதும் உயிரோடிருப்பவர்களின் தேவைக்கு ஏற்பக் கூடவும் குறையவும் செய்திருக்கிறது.

விரும்பிப் போனார்கள் என்ற விடை

காலத்தால் முந்திய விடை இதுதான். 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன்பு எல்லா இயக்கங்களையும் சேர்த்தாலும் ஆட்கள் சில நூறு பேர். ஜூலைக்குப் பிறகு படகேறக் காத்திருந்தவர்களுக்குக் கொடுக்க ஆயுதம் இல்லை. இந்திய அரசு உத்தரப் பிரதேச மலைப்பகுதிகளில் பயிற்சி அளித்தது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் கொளத்தூர் உட்படப் பல இடங்களில் முகாம்கள் இருந்தன. வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிப்போனவர்களில் பள்ளி மாணவர்கள் கணிசம். ஊரில் அவர்களைப் ‘பெடியள்’ என்றார்கள். ஆட்சேர்ப்பு அப்போது இயக்கங்களுக்குச் சிக்கலே அல்ல. வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் வேலையாக இருந்தது.

இந்தத் தலைமுறையின் உள்மனத்தைத் தமிழில் அதிகம் திறந்து காட்டியவர் ஷோபாசக்தி. பதின்பருவத்தில் இயக்கத்தில் சேர்ந்து விலகிய அவரது ‘கொரில்லா’ (2001) நாவல் அகதி விண்ணப்பத்தையும் அடிக்குறிப்புகளையும் வடிவமாகக் கொண்டது. அதில் வரும் சிறுவனை இயக்கத்துக்கு இழுப்பது ஒரு கொள்கை மட்டுமல்ல. வீட்டில் தகப்பனின் வன்முறை, ஊரின் சாதி, துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லாம் கலந்தே இழுக்கின்றன. விரும்பிப் போனான் என்ற வாக்கியத்துக்குள் எத்தனை விருப்பங்கள் அடங்கியிருந்தன என்பதை அரசியல் அறிக்கைகளைவிட இந்த நாவல் தெளிவாகக் காட்டுகிறது.

கல்விப்புலத்தில் இதே நிலைப்பாட்டின் நுட்பமான வடிவம் மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக்கின் ‘எனிமி லைன்ஸ்’ (2007). 1990களின் பிற்பாதியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தங்கி எழுதிய அவர், அங்கே சந்தித்த இளம் போராளிகளை வெறும் கருவிகளாகப் பார்க்க மறுத்தார். விளையாட்டும் போரும் அவர்கள் வாழ்வில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்ததையும், முடிவெடுக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்ததையும் வலியுறுத்தினார். பிள்ளைகளின் வாயிலிருந்தே கேட்டது இந்த நூலின் வலிமை. பலவீனமும் அங்கேதான். இயக்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் பிள்ளை, வெளிநாட்டுக்காரி ஒருவரிடம் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று எளிதில் சொல்லிவிடுமா? மேலும், அவர் பார்த்த காலத்துக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே மாவட்டத்தில் நிலைமை தலைகீழானது.

பிள்ளை பிடித்தவர்கள்

கட்டாய ஆட்சேர்ப்பு என்றதும் புலிகளை மட்டும் நினைப்பது வழக்கம். வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1989இல், இந்திய அமைதிப்படை வெளியேறும் நாள் நெருங்கியபோது, வடகிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற ஒன்று இந்திய ஆதரவோடு அவசரமாகக் கட்டப்பட்டது. ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப்., டெலோ அமைப்புகள் தெருவில், பேருந்தில், பள்ளிக்குப் போகும் வழியில் பையன்களைப் பிடித்தன. ஊரெங்கும் ‘பிள்ளை பிடி’ என்ற பேச்சு அப்போது பரவியது. சில வாரப் பயிற்சியோடு சீருடை போடப்பட்ட அந்தப் பிள்ளைகள், அமைதிப்படை 1990 மார்ச்சில் கப்பலேறியபோது கைவிடப்பட்டார்கள். புலிகளிடம் சிக்கியவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு இதை அந்நாளிலேயே பதிவு செய்தது. தமிழ்நாட்டில் சிறார் படையினர் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் அரசின் கை அதில் இருந்தது என்பதுதான் காரணமோ என்னவோ.

அதே ஆசிரியர் அமைப்பு, தன் நிறுவனர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்ட பின்பும் எழுதுவதை நிறுத்தவில்லை. 2001இல் மட்டக்களப்பில் புலிகள் குடும்பத்துக்கு ஒரு பிள்ளை கேட்பதை அது விரிவாக ஆவணப்படுத்தியது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. சமாதான காலத்தில் ஆட்சேர்ப்பு குறையும் என்பதுதான் பொது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. இராணுவத்தின் வசமிருந்த பகுதிகளுக்குள் அரசியல் பணி என்ற பெயரில் நுழையப் புலிகளுக்கு வழி கிடைத்ததும் புகார்கள் பெருகின. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2004 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, போர்நிறுத்தத்துக்குப் பிறகு யுனிசெப் பதிவு செய்தவை 3,516. அரசும் புலிகளும் 2003இல் யுனிசெப்போடு செய்துகொண்ட செயல்திட்டமும் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இடைத்தங்கல் நிலையமும் நடப்பில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. ஒரு பக்கம் சிலர் விடுவிக்கப்பட்டார்கள், மறுபக்கம் வேறு சிலர் எடுக்கப்பட்டார்கள்.

2004ஆம் ஆண்டின் கிழக்கு இந்த வரலாற்றில் மிகத் தெளிவான சான்று. மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வெருகலாற்றங்கரைச் சண்டையோடு அவரது அணி கலைந்தது; கீழிருந்த சிறார் சுமார் 1,800 பேர் வீடு திரும்பினார்கள். விரும்பித்தான் போனார்கள் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. கதவு திறந்ததும் பிள்ளைகள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். சில மாதங்களில் வன்னித் தலைமை அவர்களைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பியபோது, அதுவரை பயந்து ஒதுங்கியிருந்த தாய்மார் ஊர் திரண்டு மறித்தார்கள். பிறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெற்றோரின் கதைகள் அந்த ஆண்டின் அறிக்கைகளில் நிறைந்திருக்கின்றன. 2006 வாக்கில் அதே கிழக்கில் கருணாவின் அணி, அரசுப் படைகளின் கண்ணெதிரே, பையன்களைக் கடத்திச் சேர்த்தது. ஒரே வீட்டுப் பிள்ளையை முதலில் ஒரு தரப்பும் பிறகு மறுதரப்பும் தேடி வரும் நிலை உண்டானது.

வன்னியில் 2006இன் பிற்பகுதியிலிருந்து வீட்டுக்கொருவர் என்பது கட்டாயமானது. பிள்ளைகளைப் பதுங்கு குழிக்குள் ஒளித்தார்கள். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்று பள்ளிப் பருவத்திலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். கடைசி மாதங்களில் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான இளையோர் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டதை ஐ.நா. வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை குறிப்பிடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகள்கூட எடுக்கப்பட்டதாகவும் அது சொல்கிறது. இந்தக் கட்டத்தைப் பொறுத்தவரை விருப்பம் பற்றிய விவாதத்துக்கே இடமில்லை.

பிடித்துச் சென்றார்கள் என்ற நிலைப்பாட்டின் குறை, கடைசி ஏழெட்டு ஆண்டுகளை வைத்து முதல் இருபது ஆண்டுகளையும் விளக்க முற்படுவது. எல்லோரையும் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள் என்றால், அதே பிள்ளைகள் அவ்வளவு காலம், அவ்வளவு கடுமையாக ஏன் சண்டை போட்டார்கள் என்பதற்கு அதனிடம் முழு விடை இல்லை.

தள்ளியதும் இழுத்ததும்

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேசியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ (1998) நூலிலும், 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலும் அவர் சொன்னது இதுதான்: பிள்ளையைத் தள்ளும் காரணங்களையும் இழுக்கும் காரணங்களையும் சேர்த்துப் பார்க்காமல் யாரையும் குற்றஞ்சாட்டுவது நோயை விட்டுவிட்டு அறிகுறியைப் பிடிப்பதாகும்.

தள்ளியவை கண்ணுக்குத் தெரிபவை. 1990 செப்டம்பரில் மட்டக்களப்புக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டான் படுகொலை. அடுத்த ஆண்டு கொக்கட்டிச்சோலை. 1995 செப்டம்பர் 22இல் வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானப்படை குண்டு போட்டதில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். (குமரி மாவட்டத்து நாகர்கோவிலோடு பெயர் ஒற்றுமை இருந்தும் நம் பக்கத்தில் பலருக்கு இந்தப் பள்ளியைத் தெரியாது.) அதற்கடுத்த மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. தகப்பன் கொல்லப்பட்ட, வீடு இடிந்த, பள்ளிக்கூடம் மரத்தடிக்குப் போன பிள்ளைக்கு இயக்க முகாமில் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு கூட்டமும் இருந்தன.

இழுத்தவையும் திட்டமிட்டவை. பள்ளிகளில் பேச்சு, வீதி நாடகம், புலிகளின் குரல் வானொலி, ஒளிவீச்சு காணொளி, ஊர்வலமாக வரும் வித்துடல் (இறந்த போராளியின் உடல்). தோழன் சவப்பெட்டியில் வருவதைப் பார்த்த வகுப்பறைகளிலிருந்து அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் காணாமல் போவது 1990களில் வழக்கமான செய்தி.

வர்க்கத்தின் பங்கையும் இங்கே சேர்க்க வேண்டும். பணமுள்ள குடும்பங்கள் பையனுக்குப் பதினைந்து ஆகும் முன்பே கொழும்புக்கோ கனடாவுக்கோ அனுப்பிவைத்தன. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இயக்கத்தின் ‘பாஸ்’ வேண்டும்; பிணையும் பணமும் கொடுக்க இயன்றவர்களுக்கு அது கிடைத்தது. வன்னியின் விவசாயக் கூலிகள், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், மட்டக்களப்பின் மேற்குக் கரைக் கிராமத்தவர் ஆகியோருக்கு அந்த வழி திறக்கவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் மாவீரர் தினத்துக்கு விளக்கேற்றியவர்களுக்கும், வித்துடலை வாங்கிய வீடுகளுக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளியைப் பற்றி இன்னும் முறையான ஆய்வு தேவைப்படுகிறது.

சோமசுந்தரத்தின் அணுகுமுறைக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. காரணங்களை அடுக்கிக்கொண்டே போகும்போது யாரும் முடிவெடுக்கவில்லை என்ற தோற்றம் வந்துவிடும். குண்டு வீசியவர் ஒருவர், பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர் இன்னொருவர். இரண்டு முடிவுகளும் ஆட்கள் எடுத்தவையே.

மரபைக் காரணம் காட்டுவோர்

தமிழ் மரபே பிள்ளையைப் போருக்கு அனுப்பும் மரபு என்று பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, குற்றமாகச் சொன்னவர்களும் உண்டு. இருவரும் காட்டும் சான்று புறநானூறு. பிறந்த வீட்டு ஆண்மகனையும் கணவனையும் அடுத்தடுத்த நாட்களில் போருக்கு இழந்தும், பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேலைக் கையில் கொடுத்தனுப்பும் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் இயக்க மேடைகளில் ஓயாமல் வந்தாள். இன்னும் பொருத்தமான பாட்டு ஒன்று உண்டு. ஐம்படைத்தாலி கழற்றாத, பாலை விட்டு இன்றுதான் சோறு உண்ட நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது. வயது நிரம்பாத வீரனைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய சித்திரம் அதுவாக இருக்கலாம். ஆனால் அவன் அரசன், வென்று திரும்பியவன்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை தொடங்கி நாஞ்சில்நாடு வரையிலான தென்திருவிதாங்கூரில் இந்த மரபின் வேறொரு முகம் தெரிகிறது. இரவிக்குட்டிப்பிள்ளைப் போர் என்னும் கதைப்பாடல், பதினேழாம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையோடு பொருது மாண்ட வேணாட்டுத் தளபதியைப் பற்றியது. அதில் தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டு போகாதே என்று தடுக்கிறார்கள். வெட்டுப்பட்டு இறந்தவனுக்குப் பீடம் போட்டு வில்லடித்துப் பாடும் இப்பகுதி வழக்கில் வீரத்தைப் போற்றுவதைவிட, அகாலத்தில் போன உயிரைத் தணிவிப்பதே முதன்மை. போகச் சொல்லும் தாய், போகாதே என்னும் தாய் இருவருமே தமிழில் உண்டு. எவளை மேடையேற்றுவது என்பது அந்தந்தக் காலத்து அரசியலின் தேர்வு.

மரபுவாதத்தின் பெரிய குறை வேறு. மரபு ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆட்சேர்ப்போ 1983, 1990, 1995, 2002, 2006 என்று நிகழ்வுகளை ஒட்டி ஏறி இறங்கியது. அதே தீவில், புறநானூறு அறியாத சிங்கள மாணவர்களையும் ஜே.வி.பி. 1987-89 கிளர்ச்சிக்குத் திரட்டியது. பிள்ளை ஏன் போனது என்பதற்கு மரபு அதிகம் உதவாது. செத்த பிள்ளையை எந்தச் சொற்களில் அடக்கம் செய்தார்கள் என்பதை விளக்க உதவும்.

கல்லறையில் வயது

புலிகளின் வீரச்சாவு அறிவிப்பில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தரம்: லெப்டினன்ட், இரண்டாம் லெப்டினன்ட், எல்லாவற்றுக்கும் கீழே வீரவேங்கை. பிறகு இயக்கப்பெயர், இயற்பெயர், ஊர், வீரச்சாவடைந்த நாள். பல பதிவுகளில் பிறந்த நாளும் இருக்கும். இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தால் வயது வந்துவிடும். 1990களில் களத்தில் இறந்த புலிகளில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் பதினெட்டுக்குக் குறைந்தவர்கள் என்ற மதிப்பீடு பல அறிக்கைகளில் மேற்கோளாக வருகிறது. இதன் வேர் பெரும்பாலும் இலங்கைப் பாதுகாப்பு வட்டாரத்தையும் ஆய்வாளர் ரொஹான் குணரத்னவின் எழுத்தையும் சேர்கிறது. எந்தச் சண்டை, எத்தனை உடல்கள், வயதை எப்படிக் கணித்தார்கள் என்ற விவரம் பொதுவெளியில் தெளிவாக இல்லை. ஆகவே அதைத் திட்டவட்டமாக ஏற்பது கடினம். முற்றாகத் தள்ளுவதும் கடினம், ஏனெனில் இயக்கத்தின் சொந்தப் பட்டியல்களிலேயே பதினைந்து, பதினாறு வயதுப் பெயர்கள் இருக்கின்றன.

யுனிசெப் எண்களின் சிக்கல் எதிர்ப்பக்கமானது. பெற்றோர் வந்து சொன்னால்தான் பதிவு. பயந்து சொல்லாதவர்கள், சொல்லப் போக வழியில்லாதவர்கள் கணக்கில் வரவில்லை. விடுவிக்கப்பட்டவர்களில் பலர் பட்டியலிலேயே இல்லாதவர்கள். எனவே 6,000 என்பது கீழ்வரம்பு.

எண்ணுவதற்கான பொருட்களும் அழிந்துவிட்டன. கோப்பாய், விசுவமடு, கனகபுரம் என மாவீரர் கல்லறைகள் இருந்த துயிலும் இல்லங்கள் இராணுவத்தால் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே படைத் தலைமையகம் எழும்பியது. தாய்க்கு அழுவதற்கான இடம் போனது என்பதே இதற்கு எதிரான முதல் வாதம், நியாயமானதும் அதுதான். இரண்டாவது ஒன்றும் உண்டு: புலிகள் சிறாரைப் போரிட வைத்தார்கள் என்று உலகெங்கும் சொல்லிவந்த அரசே, அதற்கான கல்வெட்டுச் சான்றை நொறுக்கியது.

சிறார் படையினர் என்ற பெயரே கொலைக்குச் சமாதானமாகவும் பயன்பட்டது. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின்மீது விமானப்படை குண்டு வீசியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் இறந்தார்கள். பயிற்சி பெற்ற புலிகள் என்றது அரசு. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் அங்கே இராணுவ அடையாளம் எதையும் காணவில்லை என்றன. அவர்கள் ஒருவேளை போராளிகளாகவே இருந்திருந்தாலும், பதினெட்டுக்குக் குறைந்தவரைப் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்ட ஒரு அரசு அவர்களை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சர்ச்சையில் ஏறத்தாழ எழவேயில்லை.

பொறுப்பு யாருக்கு?

சர்வதேச அளவில் சிறாரைச் சேர்த்த குற்றத்துக்குத் தண்டனை 2007இல் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தோடு தொடங்கியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012இல் காங்கோவின் தாமஸ் லுபங்காவுக்குப் பதினான்கு ஆண்டு விதித்தது. இலங்கை அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு அல்ல. உள்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தம் சிறாரை ஆயுதப் போருக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் கருணா 2008இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் 2009 மார்ச்சில் அமைச்சராகவும் ஆனார். அவரது முன்னாள் துணைவர் பிள்ளையான் 2008 மே மாதத்திலேயே கிழக்கு மாகாண முதலமைச்சர். கருணாவின்மீது பிரிட்டன் 2025இல் தடை விதித்தது; அது வழக்கு ஆகாது. வன்னித் தலைமையில் பொறுப்புக் கூற வேண்டியவர்கள் பெரும்பாலும் உயிரோடு இல்லை.

குற்றவாளி, பலியானவர் என்ற பிரிவினையே தடுமாறும் இடமும் உண்டு. உகாண்டாவில் சுமார் ஒன்பது வயதில் கடத்தப்பட்ட டொமினிக் ஓங்வென், வளர்ந்து தளபதியாகி, தன்னைப் போன்ற பிள்ளைகளையே கடத்தியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2021இல் இருபத்தைந்து ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் கடத்தப்பட்டதை நீதிமன்றம் தண்டனைக் குறைப்புக்கு எடுத்துக்கொண்டது, விடுதலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பதினான்கு வயதில் சேர்ந்து, இருபது வயதில் அடுத்த பிள்ளையைப் பிடிக்க வீடு வீடாகப் போனவர்கள் ஈழத்திலும் இருந்தார்கள்.

இன்னும் தீராதவை

முடிவாகச் சொல்லக்கூடியது குறைவு. 1980களின் முதல் அலையைப் பெருமளவு விருப்பமாகவும், 1989இன் தமிழ்த் தேசிய இராணுவத்தையும் 2001க்குப் பிந்தைய கிழக்கையும் 2006க்குப் பிந்தைய வன்னியையும் பெருமளவு கட்டாயமாகவும் கொள்ளச் சான்று போதும். இடைப்பட்ட 1990களே உண்மையான சிக்கல். வற்புறுத்தலும் வறுமையும் வஞ்சமும் பரப்புரையும் கலந்த அந்தப் பத்தாண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இப்போதைய தரவு உதவாது. பெண் பிள்ளைகள் பற்றிய எழுத்து இன்னும் மெலிது. அதில் வந்த சில தன்வரலாறுகளின் நம்பகத்தன்மையும், நிரோமி டி சொய்சாவின் நூலுக்கு நேர்ந்தது போல, விவாதத்துக்குள்ளானது.

இன்னொன்று போர் முடிந்த விதத்தோடு சேர்ந்தது. 2009இல் சரணடைந்தவர்களில் 594 பேர் சிறார் என்று அரசு கணக்கிட்டு, ஓராண்டுக்குள் மறுவாழ்வு அளித்து வீட்டுக்கு அனுப்பியது. ரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைக்கப்பட்டவர்களும் இவர்களுள் உண்டு. ஏனைய ஏறத்தாழ 12,000 பேர் வயதுவந்த முன்னாள் போராளிகளாக முகாம்களுக்குப் போனார்கள். வயது கணக்கிடப்பட்டது சரணடைந்த நாளில். 2004இல் பதினான்கு வயதில் பிடிக்கப்பட்ட பிள்ளைக்கு 2009இல் பத்தொன்பது. அது அந்தப் பெருந்தொகைக்குள் கரைந்துவிட்டது, பின்னாளில் புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் முன்னாள் புலியாகவும் ஆனது. யுனிசெப் பதிவேட்டின் 6,000க்கும் அரசின் 594க்கும் நடுவே விடுவிக்கப்பட்டவர்கள், தப்பியவர்கள், வளர்ந்துவிட்டவர்கள், இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் அனைவரும் இருக்கிறார்கள். இயக்கம் கூட்டிப்போன பிள்ளையை அரசிடம் தேடும் பெற்றோரின் சாட்சியங்களை 2011இன் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கையிலும் காணலாம். அந்தப் பதிவேட்டை, குடும்பங்களின் பாதுகாப்பு கெடாத வகையில், மாவீரர் பட்டியலோடும் காணாமல் போனோர் அலுவலகத்தின் விண்ணப்பங்களோடும் பெயர்வாரியாக ஒப்பிட்டால், பிடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் எந்த வயதில் இறந்தார்கள் என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.